போடிக்குப் போன பிரதி

ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் அவருடைய இடது கை தானாக ஒருமுறை இறங்கி ஏறும். கன்ட்ரோலில் சுண்டுவிரல், எஸ்ஸில் மோதிரவிரல்; அடித்தது சேமிக்கப்பட்டுவிடும். கண் திரையை விட்டு அகலாது. டைப் செய்துகொண்டே பக்கத்து மேஜைக்காரரின் மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரிப்பார். அந்த இரண்டு விரல்கள் மட்டும் தங்கள் வேலையை மறக்காது.

பேசும்போதும் அப்படித்தான். ஒரு வாக்கியத்தை முடித்ததும் இடது கை விரல்கள் மேஜையிலோ சேலைக் கொசுவத்திலோ மெல்லத் தட்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆமென் சொல்லும்போதும் தட்டுவார் என்று அவரோடு பாட்டுக் குழுவில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் பார்த்ததில்லை. செவிவழிச் செய்தி, சாட்சியமாக எடுத்துக்கொள்ளத் தக்கதல்ல.

மலைமேல் ஓர் அரசு அலுவலகத்தில் நான் அப்போது ஹெட் கிளார்க். தேவிகுளத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம் என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. சொந்த ஊர் கொல்லங்கோடு. மனைவிக்கு அங்கே பள்ளிக்கூட வேலை. நான் மேலே குவார்ட்டர்ஸில் தனியாள். மாதத்துக்கு இரண்டு முறை இறங்கிப் போவேன். மற்ற நாட்களில் எனக்குத் துணை அலுவலக நடைமுறைக் கையேடு. அதைப் பக்க எண்ணோடு சொல்வேன். என்னிடம் சந்தேகம் கேட்க வந்தவர்கள் இரண்டாவது சந்தேகத்தோடு வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எஸ்டேட் ஆட்கள் அவரை டைப்பக்கா என்பார்கள். அலுவலகத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு கடையில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களிடம் மலையாளம் டைப் செய்ய நான்கு பேர் இருந்தார்கள், தமிழுக்கு ஒருவரும் இல்லை. வருகிற மனுவில் பாதி தமிழ். பதில் மலையாளத்தில் போகும். அதைப் படித்துச் சொல்லச் சொல்லி, வாங்கினவர் மறுபடி அவர் கடைக்கே போவார். அபத்தம் எனக்குத் தெரிந்தது. மேலே எழுதிப் போராடி, தற்காலிகத் தமிழ் டைப்பிஸ்ட் என்று ஓர் இடம் உண்டாக்கினேன். கடையை மூடிவிட்டு வரச் சொன்னவனும் நான்தான்.

"கடைய மூடிட்டா திரும்பத் தெறக்க முடியுமா சார்?" என்று கேட்டார்.

"எதுக்குத் திறக்கணும்? இங்கதான் வேலை இருக்கே."

"இல்ல, கேட்டு வச்சுக்கிடுதேன்." விரல்கள் தட்டின.

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். யூ.பி.எஸ். கீச்சென்று கத்தியது. எல்லோரும் எழுந்துவிட்டோம். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு நிமிசம் தாங்குது சார். ஒரு கடுதாசி முடிக்கத் தாங்காது. ஒரு வாக்கியத்தை முடிச்சு மூடி வைக்கலாம்."

"கரன்ட் இருக்கும்போது எதுக்குங்க இந்தச் சோதனை?"

"கரன்ட் போனப்புறம் சோதிச்சு என்ன பிரயோசனம்?"

ஆடி மாத மழையில் எங்கள் மலையில் மின்சாரம் ஒரு நாளைக்கு இருபது தடவை போகும். மேகம் உறுமினாலே அவர் எழுந்துபோய் நெட்வொர்க் கேபிளைச் சுவரிலிருந்து உருவிவிடுவார். பென்டிரைவ்களை ஓர் அகலவாய் மருந்துக் குப்பியில் கைப்பிடி அரிசியோடு போட்டு வைத்திருப்பார், ஈரம் ஏறாமலிருக்க. ஒவ்வொரு கோப்புக்கும் ஆளின் பெயர், லயன் எனும் எஸ்டேட் வரிசைவீட்டின் எண், நாள் மூன்றையும் சேர்த்துப் பெயர் வைப்பார். அதற்கு முன் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த பெயர்கள் 'கடிதம்', 'புதிய கடிதம்', 'சரியான கடிதம்'. சரியான கடிதம் என்ற பெயரில் மூன்று இருந்தன, மூன்றும் தவறு.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசு அலுவலகத்தில் யாரும் புதிய கடிதம் எழுதுவதில்லை. பழைய கடிதத்தைத் திறப்போம். பெயரை மாற்றுவோம், தேதியை மாற்றுவோம், நடுவில் இரண்டு வரி மாற்றுவோம், சேமிப்போம். பழையது போய்விடும். போனது தெரியாது, ஏனென்றால் அதைப் போலவே இன்னொன்று இருக்கிறது. இப்படித்தான் ஒருமுறை, இறந்துபோன ஒரு வாட்ச்மேனின் குடும்பத்துக்கு எழுதின கடிதத்தைத் திறந்து கிணறு வெட்ட அனுமதி கேட்டவருக்குப் பதில் தயாரித்தார் எங்கள் கிளார்க் ஒருவர். கடைசிப் பத்தியை மாற்ற மறந்துவிட்டார். கிணற்றுக்காரர் கடிதத்தோடு நேரிலேயே வந்துவிட்டார்.

"சார், மேற்படியார் காலமாகிவிட்டபடியால்னு போட்டிருக்கு. கெணறு வெட்டலாமா, வேண்டாமா?"

அலுவலகமே சிரித்தது. டைப்பக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த வாட்ச்மேன் வீட்டுக்குப் போன கடுதாசியோட ஆபீஸ் காப்பி இப்ப எங்க சார் இருக்கு?"

எங்கும் இல்லை. அன்று மாலையே அவர் ஒரு விதி போட்டார். விதி போடுவது என் வேலை என்பதால் கவனமாகக் கேட்டேன். "பழசத் தெறந்தா, மொதல்ல வேற பேருல சேவ் பண்ணுங்க. அப்புறம் கைய வைங்க." இதை ஒரு தாளில் தமிழிலும் மலையாளத்திலும் அடித்து ஒவ்வொரு திரைக்கும் கீழே ஒட்டினார். கையேட்டில் இல்லாத விதி. நான் ஆட்சேபிக்கவில்லை. பின்பற்றவும் இல்லை. ஆனால் அந்த இரண்டு விரல் பழக்கம் மட்டும் எனக்கும் தொற்றிக்கொண்டது. கொல்லங்கோட்டில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, ஒரு வரி எழுதறதுக்குள்ள எத்தனை தடவைங்க அந்தக் கட்டையத் தட்டுவீங்க? யாருங்க இதைப் பழக்கிவிட்டது?"

"ஆபீஸ்ல ஒருத்தங்க" என்றேன்.

"ஒருத்தங்களா" என்றாள். மேலே கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதற்குத்தான் நான் இன்றுவரை எனக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மருந்துக் குப்பியிலிருந்து ஒரு பென்டிரைவ் வாரந்தோறும் காணாமல் போவதை இரண்டாவது மாதத்தில் கவனித்தேன். விசாரித்தபோது அவர் ஒளிக்கவில்லை. போடியில் அவருடைய தங்கை இருந்தார். போடியிலிருந்து ஏலக்காட்டு வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் காலையில் மேலே வரும், சாயங்காலம் இறங்கும். சனிக்கிழமை ஜீப்பில் ஒரு பென்டிரைவ் இறங்கும். அடுத்த வாரம் அது திரும்பி வரும்போது வேறொன்று போகும். தங்கைக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாராம்.

"எதுக்குங்க இதெல்லாம்? அலமாரி இருக்கு, பூட்டு இருக்கு."

"அலமாரி இதே கட்டடத்துலதான இருக்கு சார். கட்டடம் இதே மலையிலதான இருக்கு. மழைக்கு மலை எறங்குனா அலமாரி மட்டும் நின்னுருமா? ஒண்ணாவது கீழ இருக்கணும்லா."

எனக்கு மலை இறங்குவதைவிடப் பெரிய கவலை இருந்தது. அரசு ஆவணம் அலுவலகத்தை விட்டுப் போயிருக்கிறது. அதோடு நிற்காமல் மாநில எல்லையைத் தாண்டியிருக்கிறது. செக்போஸ்ட்டில் ஏலக்காய் மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். பென்டிரைவைக் குத்திப் பார்க்கிற கம்பி அவர்களிடம் இல்லை. அன்றே ஒரு மெமோ தயாரித்தேன். அலுவலகக் கோப்புகளின் பிரதி எதுவும் எந்த வடிவத்திலும் வெளியே போகக் கூடாது, மீறினால் நடவடிக்கைக்கு உள்ளாக நேரிடும்.

அவர் இரண்டு முறை படித்தார். "நீங்க எழுதியிருக்கது நியாயந்தான் சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த சனிக்கிழமை எதுவும் இறங்கவில்லை. நான் கவனித்தேன். அதற்கடுத்த சனியும் இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. கூடவே, ஒரு நல்ல விளக்கை ஊதி அணைத்தது போலவும் இருந்தது. திருப்தியை மட்டும் பதிவு செய்துகொண்டேன்.

அந்த ஆண்டுதான் எஸ்டேட்டின் கீழ் டிவிஷன் லயன்காரர்களின் சான்றிதழ் விவகாரம் வந்தது. அந்த லயனில் பள்ளி முடித்த பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு, அவர்கள் குடும்பம் ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு முன்பே இந்த மலைக்கு வந்தது என்று காட்ட வேண்டும். எஸ்டேட்டின் பழைய பதிவேடுகள் ஈரத்தில் கூழாகியிருந்தன. மிச்சமிருந்த ஒரே பதிவேடு மாடசாமி. தொண்ணூறு வயதைத் தொட்டிருந்த பழைய தொழிலாளி. யார் குடும்பம் எந்த ஊரிலிருந்து, யாரோடு, எந்த மழைக்கு வந்தது, எந்த வீட்டில் முதலில் அடுப்பு பற்றவைத்தது என்று லயனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவருக்குத் தெரியும். அவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து விசாரணை அறிக்கை எழுதலாம். மலையாளத்தில் வாக்குமூலத்துக்கு மொழி என்று பெயர்; எங்கள் அலுவலகத் தமிழிலும் அதுவே நின்றுவிட்டது.

நானும் டைப்பக்காவும் அலுவலக லேப்டாப்போடு மூன்று நாள் லயனுக்குப் போனோம். மாடசாமி கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் டைப் செய்தார். இரண்டாவது நாள் கிழவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏ பிள்ள, நான் ஒரு சொல்லுச் சொன்னா நீ ரெண்டு தட்டு கூடத் தட்டுதியே, அது என்ன? தாளமா?"

"நீங்க சொன்னது ஓடிப்போகாம கதவச் சாத்துதேன் தாத்தா."

"சாத்து, சாத்து. ஆனா என்னை உள்ள வச்சுச் சாத்திராத."

பதினொரு பக்கம் வந்தது. அன்றே பிரிண்ட் எடுத்துக் கைரேகை வாங்கியிருக்கலாம். டைப்பக்கா அதைத்தான் சொன்னார். நான் மறுத்தேன். மேல் டிவிஷனிலும் ஒரு மொழி எடுக்க வேண்டியிருந்தது. எல்லா மொழிகளையும் ஒன்றாக, வரிசை எண் போட்டு, ஆபீசர் முன்னிலையில் ஒரே நாளில் கையெழுத்து வாங்குவதுதான் முறை. ஆபீசர் பயிற்சிக்குப் போயிருந்தார். வரட்டும் என்றேன்.

அடுத்த வாரம் டைப்பக்கா இரண்டு நாள் விடுப்பில் இருந்தார், தேவாலயத்தில் ஏதோ ஞானஸ்நானம். மேல் டிவிஷன் மூதாட்டி ஒருவரைப் பிள்ளைகள் அலுவலகத்துக்கே கூட்டி வந்துவிட்டார்கள். திருப்பி அனுப்ப மனமில்லை. நானே உட்கார்ந்தேன். தலைப்பு, விவரம், உறுதிமொழி எல்லாம் மாடசாமியின் மொழியில் தயாராக இருந்தது. அதே லேப்டாப்பில் அதைத் திறந்தேன். பெயரை மாற்றினேன். உடலை அழித்தேன். மூதாட்டி சொன்னதை இரண்டு விரலால் அடித்தேன். ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் மறக்காமல், பெருமையோடு, சேமித்தேன். முடித்து மூடினேன். பக்கத்து மேஜைத் திரைக்குக் கீழே அவர் ஒட்டிய தாள் என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

அவர் திரும்பி வந்த அன்று காலை, கீழ் டிவிஷனிலிருந்து மாடசாமியின் மருமகள் மூச்சிரைக்க வந்தாள்.

"மாமாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு சார். பேச்சு இல்ல. ஆனா எல்லாம் தெரியுது. கையப் புடிச்சா அமுக்குறாரு. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு."

பேச முடியாதவரிடம் மொழியை வாசித்துக் காட்டி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் சம்மதம் அறிந்து கைரேகை வாங்கலாம். விதி எனக்குத் தெரியும். இன்றே வாங்கிவிடலாம், பிரிண்ட் எடுங்கள் என்றேன். அவர் கோப்பைத் திறந்தார். கோப்பின் பெயர் மாடசாமி, கீழ் டிவிஷன். உள்ளே மேல் டிவிஷன் மூதாட்டி பேசிக்கொண்டிருந்தார்.

"சார். தாத்தா எங்க?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. வேகமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். அதே கோப்பா? மூடிவிட்டீர்களா? மூடாமலிருந்தால் பின்னால் போய் எடுத்திருக்கலாம். குப்பியில் இருந்த பென்டிரைவ்களில் பழைய கோப்புகள்தான் இருந்தன. பிறகு முகத்தில் சிறு வெளிச்சம் வந்தது.

"நான் வந்த அன்னைக்கே இதுல பேக்கப் போட்டு வச்சிருக்கேன் சார். ஒவ்வொரு தடவை சேவ் பண்றப்பவும் அதுக்கு முந்தினத ஒரு காப்பி எடுத்து வச்சுக்கும். முந்தினது ஒண்ணு மட்டும். நீங்க எத்தன தடவ சேவ் பண்ணுனீங்க?"

நான் அந்த ஒட்டிய தாளைப் பார்த்தேன்.

"ஒரு தடவையா சார்? கடைசியில மட்டும் பண்ணியிருந்தா தாத்தா இருப்பாரு."

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதானுங்க பண்ணினேன்" என்றேன். "ஒவ்வொரு வரிக்கும்."

பேக்கப்பைத் திறந்து பார்த்தார். மூதாட்டியின் மொழி, கடைசி வரி மட்டும் இல்லாமல். அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதைக்கொண்டே கிழவரை வரி வரியாக அழித்திருந்தேன்.

மருமகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சார், தாளு இல்லையா? எங்க புள்ளைக்கு இந்த மாசந்தான் சார் கடைசி." சற்று வெளியே உட்காரும்படி சொன்னேன். அவள் போன பிறகு அவர் கோப்பை மூடினார். இடது கை மேஜைமேல் விரித்து வைத்தபடி இருந்தது. விரல்கள் தட்டவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க எழுதித்தான் ஆகணும்."

"என்னது?"

"போடியில ஒண்ணு இருக்கு."

முதலில் எனக்கு நிம்மதி வந்தது. அடுத்து வந்தது மெமோவின் எண். இந்த வரிசையையாவது நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தங்கைக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஜங்ஷனில் ஜீப்புக்காகக் காத்து நின்றோம். கிழவர் இரவைத் தாண்டிவிட்டார் என்று செய்தி வந்திருந்தது. வழக்கமான நேரத்துக்கு ஜீப் வரவில்லை. கொண்டை ஊசி வளைவில் லாரி ஒன்று சிக்கிக்கொண்டதாக ஒருவர் சொன்னார். பனியில் எதிர்த்த கடையே தெரியவில்லை. நான் பத்தடி நடப்பதும் திரும்புவதுமாக இருந்தேன். அவர் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரே இடத்தில் நின்றார்.

"மெமோவுல கையெழுத்துப் போட்டீங்களே" என்றேன்.

"மீறணும்னு நெனச்சுப் போடல சார். இத்தன நாளும் மீறவும் இல்ல. தாத்தா மூணாவது நாள் சொல்லி முடிச்சிட்டு ஒரு மடக்கு தண்ணி குடிச்சாரு. டம்ளரப் புடிச்ச கை ஆடுச்சு. நீங்க குனிஞ்சு ஸ்கிரீன்ல பக்கம் எண்ணிக்கிட்டு இருந்தீங்க. நான் அந்தக் கையப் பாத்தேன். அன்னைக்குச் சாயந்தர ஜீப்பிலேயே குடுத்து விட்டுட்டேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்களே."

"கேட்டா நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்க. சொன்னப்புறம் அனுப்ப முடியாதே."

ஜீப் பதினோரு மணிக்கு வந்தது. தூக்குவாளிகளோடு பெண்கள் இறங்கி, தாமதத்துக்கு டிரைவரைத் திட்டிக்கொண்டே ஓடினார்கள். டிரைவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்து நீட்டினான்.

"என்னாக்கா இது, உயிர் மருந்தா? ஒங்க தங்கச்சி பையிலருந்து கைய எடுக்காம வரச் சொல்லுச்சு. நான் ஸ்டியரிங்க எதால புடிக்க?"

"வாயால புடிக்க வேண்டியதுதான. அதுதான் ஓயாம ஓடுது" என்றார். அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

பதினொரு பக்கமும் முழுசாக இருந்தது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு லயனுக்கு ஓடினோம். மாடசாமியைத் தலையணை வைத்துச் சாய்த்திருந்தார்கள். வாய் ஒருபக்கம் இறங்கியிருந்தது. கண் தெளிவு. டைப்பக்கா கட்டிலோரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கிழவரின் நல்ல கையைத் தன் இடது கையில் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். சரியென்றால் அமுக்க வேண்டும், தப்பென்றால் விட வேண்டும் என்று ஏற்பாடு. லயன்காரர்கள் வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள். தங்கள் தாத்தன் பெயர் வரும்போது ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள். ஏழாவது பக்கத்தில் வாசிப்பு நின்றது.

"விட்டுட்டாரு" என்றார். அந்த வரியை மறுபடி வாசித்தார். கை மறுபடி விட்டது.

மருமகள் குனிந்து பார்த்தாள். "செல்லையாவா? நாலாம் வீட்டுக்கு வந்தது சின்னச் செல்லையால்ல? பெரியவரு மொதல்லயே மேல் டிவிஷன் போயிட்டாரே. இல்ல மாமா?"

கை அமுக்கியது. ஜன்னலில் யாரோ, "கெடையில கெடந்தாலும் கெழவன் கணக்குப் புள்ளதாண்டா" என்றார்கள். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் எழுந்தது. பேனாவால் திருத்தி, ஓரத்தில் நான் சுருக்கொப்பமிட்டேன். பதினோராம் பக்கம் முடிந்ததும் அவரே கிழவரின் பெருவிரலை மையில் தோய்த்து, ஒரு குழந்தையின் கையைப் பிடிப்பது போலப் பிடித்துத் தாளில் வைத்தார். மூன்றாம் நாள் மாடசாமி போய்விட்டார்.

பயிற்சி முடிந்து வந்த ஆபீசர் நல்ல மனிதர். பிரிண்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அலுவலகக் கோப்பில் இல்லாதது தாளில் இருக்கிறதே என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "இது எவிடெந்நு கிட்டி?" எங்கிருந்து கிடைத்தது. பேக்கப்பிலிருந்து என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த கோப்பை எடுத்திருப்பார். நான் எழுத்தில் தருகிறேன் என்றேன்.

அன்று மாலை ஒரு முழுப் பக்கம் கையால் குறிப்பு எழுதினேன். அலுவலகக் கோப்பு தவறுதலாக மேலெழுதப்பட்டது என்று ஒரு வரி. யாரால் என்று அதில் இல்லை. பிறகு, மெமோவின் எண், அதில் அவர் கையெழுத்திட்ட நாள், அதை மீறி அவர் பிரதியை அனுப்பிய நாள், ஜீப் எல்லை தாண்டிய வழி, தங்கையின் உறவுமுறை, எல்லாம் வரிசையாக. பொய் எழுதிப் பழக்கமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வரியைத் தவிர்த்துப் பார்த்தால் அது உண்மைதான்.

பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அவருடைய நியமனம் நீட்டிக்கப்படவில்லை.

கடைசி நாளன்று, தற்காலிகப் பணியாளருக்குத் தேவையில்லாத ஒரு பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை அடித்துக்கொண்டு வந்தார். எந்தக் கோப்பு எங்கே, கடவுச்சொல் என்ன, யூ.பி.எஸ். பேட்டரி எப்போது மாற்ற வேண்டும். நான் எழுதியதை அவர் அறிவார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன். பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"உங்களப் பத்தி நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதுங்க" என்றேன்.

"நீங்க அப்படித்தான் எழுதுவீங்கன்னு தெரியும் சார். தெரிஞ்சுதான் சொன்னேன்."

"கடையத் திரும்பத் திறக்கறீங்களா?"

"அந்த எடத்துல இப்பக் கோழிக் கடை வந்திருச்சு. போடிக்குப் போறேன். தங்கச்சி கூப்பிட்டுக்கிட்டே இருக்கா." வாசல்வரை போய்த் திரும்பினார். "மதியம் ஒழுங்காச் சாப்பிடுங்க சார். பிஸ்கட்ட நனச்சுத் தின்னுக்கிட்டு இருக்காதீங்க."

நான் மதியம் என்ன தின்கிறேன் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு அந்த மலையில் எனக்கு இரண்டு மழைக்காலம் பாக்கி இருந்தது. டைப் செய்யும் சத்தம் எல்லா மேஜையிலிருந்தும் வந்தது. வாக்கியம் முடியும் இடத்தில் கேட்க வேண்டிய அந்த இரண்டு தட்டுகள் மட்டும் இல்லை. போடியில் விசாரித்தேன். தங்கை குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தத் தெரு, எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. ஜீப் டிரைவர் மட்டும், "அக்கா நல்லாத்தான் இருக்கும் சார்" என்றான். எப்படித் தெரியும் என்றேன். "அது நல்லா இல்லாம எப்பிடி சார் இருக்கும்?" என்றான். ஆதாரமற்ற கூற்று. அதைப் பிடித்துக்கொண்டு பல நாள் ஓட்டினேன்.

ஓய்வு பெற்றுக் கொல்லங்கோட்டுக்கு வந்து சில ஆண்டுகள் கழித்து, போன வருடம் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேற்படிக் கோப்பை மேலெழுதியது நான். முறை என்று சொல்லி உடனே கைரேகை வாங்காமல் தள்ளிப்போட்டதும் நான். டைப்பிஸ்ட் பிரதி வைத்திருக்காவிட்டால் ஒரு லயன் முழுவதும் சான்றிதழ் இழந்திருக்கும். எனவே என் குறிப்புக்குக் கீழே இந்தக் கடிதத்தைச் சேர்த்து, அவர் பேரில் உள்ள குற்றச்சாட்டை நீக்கிப் பதிவு செய்ய வேண்டுகிறேன். கேட்க எனக்கு உரிமை உண்டு. எந்த விதி என்றும் குறிப்பிட்டிருந்தேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மொழிகள் நிரந்தரக் கோப்பில் பத்திரமாக உள்ளன. தாங்கள் குறிப்பிடும் குறிப்பு தனிக் கோப்பாக முடிக்கப்பட்டு, வைத்திருக்க வேண்டிய காலம் கடந்ததால் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டது. மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை.

எத்தனை ஆண்டில் அழிக்க வேண்டும் என்று அந்தக் கோப்பின் அட்டையில் எழுதியவன் நான்தான். சரியாகவே செய்திருக்கிறார்கள். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிலைப் படித்தாள். "நல்லதாப் போச்சுங்க. அவங்க தப்புப் பண்ணாங்கன்னு சொல்ற தாளு இனி எங்கயுமே இல்லைல்ல? சந்தோசப்படுங்க" என்றாள்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். இத்தனை ஆண்டில் அவர் பெயரை நான் என் கையால் எழுதியது அந்த ஒரு தாளில் மட்டும்தான்.